சத்தம் அடங்கும் திசை

28 செப்டம்பர் 1993, செவ்வாய்

வயர் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த டைரி. ஒன்பது மாதமாக இதில் ஃபேன், மிக்ஸி, மோட்டார் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இன்றும் அதேதான். டேபிள் ஃபேன் ஒன்றுக்குக் காயில் புதிதாகச் சுற்றினேன். கோயில் மைக் செட்டில் ஒயர் அறுந்திருந்தது, பற்றவைத்தேன்.

மதியம் ததேயு மச்சான் வந்தார். என் அமலி அக்காவைக் கட்டியவர், இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். கையில் அவருடைய டிரான்சிஸ்டர் ரேடியோ உப்புப் பூத்து, வாய் பிளந்து கிடந்தது.

"ஏல இன்னாசி, வள்ளத்துல உருண்டு இப்பிடி ஆயிட்டு. எப்பிடியாவது சரி பண்ணித் தா. இது இல்லாமப் போனா கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

"பாட்டு கேட்டாத்தான் மீனு வருமோ மச்சான்?"

"நீ ஒரு நாளாவது வாந்தி எடுக்காம கடலுக்கு வா. அப்புறம் சொல்லுதேன், எதுக்குன்னு."

கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில், வள்ளத்தில் ஏறினாலே குடல் வெளியே வருகிறவன் நான் ஒருவன்தான். அதனால்தான் எங்கள் மாதாத்துறைக்கு ஒரு எலக்ட்ரிக் கடை கிடைத்தது. கடைக்கு வரும்போதெல்லாம் மச்சான் இதை ஒரு தடவை சொல்லிக்காட்டாமல் போகமாட்டார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே மேலோரமாகப் படுத்திருக்கும் ஆன்டெனா ராடு, அதாவது காயில் சுற்றிய கறுப்புக் கம்பி, இரண்டாக ஒடிந்திருந்தது. ஸ்பீக்கரும் கிழிந்துவிட்டது. பழைய செட் ஒன்றின் ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டேன். அது கொஞ்சம் பெரிசு, ராடு படுக்க மேலே இடமில்லை. பக்கவாட்டில் இடம் இருந்தது. வேறு ராடு எடுத்து, நெட்டுக்குத்தாக நிறுத்தி, மெழுகு ஊற்றி ஒட்டினேன். மேஜையில் மல்லாக்கப் போட்டுத் திருகினால் தூத்துக்குடி நிலையம் கடை அதிரப் பாடியது. மச்சானுக்கு வாயெல்லாம் பல். இதே வேலைக்கு டவுனில் ஒரு வாரம் இழுத்தடித்திருப்பார்கள்.

30 செப்டம்பர், வியாழன்

மிக்ஸி இரண்டு. அக்கா குழம்பு கொண்டுவந்தாள். "ஏல, நீ செஞ்ச ரேடியோ நிமித்தி வச்சா முனங்குது, படுக்க வச்சாத்தான் பாடுது" என்றாள். "மச்சானும் அப்பிடித்தான? படுத்தாத்தான் சத்தம் வரும்" என்றேன். தூக்குச்சட்டியால் முதுகில் ஒன்று வைத்தாள். வள்ளத்தில் மச்சான் அதை எப்போதும் மல்லாக்கத்தான் போடுவாராம், அதனால் பரவாயில்லையாம்.

4 அக்டோபர், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று மச்சான் தனியாகப் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை.

5 அக்டோபர், செவ்வாய்

வரவில்லை.

7 அக்டோபர், வியாழன்

பதினான்கு வள்ளங்கள் தேடிவிட்டுத் திரும்பின. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தவர் சிலுவை அண்ணன். அன்று பக்கத்து வள்ளத்தில் இருந்தவர். கரையில் வைத்து அக்காவிடம் சொன்னார்.

"மோடம் போட்டு சூரியன் எங்கன்னே தெரியல தங்கச்சி. மழை வேற. கரைக்குப் போவோம்னு நான் மேக்க கையக் காட்டுனேன். ததேயு தெக்க காட்டுனான். ரேடியோவத் தூக்கிக் காட்டித் தலைய ஆட்டுனான். எஞ்சினப் போட்டுட்டுப் போயிட்டான். கொஞ்ச தூரத்துல மழை மறைச்சிட்டு."

"நீங்க பின்னால போகலயாண்ணே?"

"எங்கிட்ட எண்ணெய் கரைக்கு மட்டுந்தான் காணும். அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன்."

அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை. வள்ளங்களுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

10 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து டீக்கடையில் நின்றேன். ஊர் இரண்டு விதமாகப் பேசுகிறது. ரேடியோ மக்கர் பண்ணியிருக்கும் என்று ஒரு பேச்சு. இருபது வருஷம் கடலில் கிடந்தவனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியாதா, தெரிந்தேதான் போயிருக்கிறான் என்று இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னது வேறு யாருமில்லை, மச்சானின் கூடப்பிறந்த அண்ணன் கஸ்பார். பிள்ளை இல்லாத வீடு, எதற்குத் திரும்பணும் என்று அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

எனக்கு எது அதிகம் சுட்டது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். முதல் பேச்சுதான். நான் தொட்ட சாமான் மக்கர் பண்ணாது.

13 அக்டோபர், புதன்

காயில் கம்பி வாங்கத் தூத்துக்குடி போனேன். பழைய புத்தகக் கடையில் ரேடியோவைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் இருந்தது. அட்டை இல்லை, பக்கங்கள் இருக்கின்றன. பதினைந்து வருஷமாக ரேடியோ பழுது பார்க்கிறேன், ஆனால் கெட்டதைக் கழற்றி நல்லதைப் போடுவதுதான் என் படிப்பு. அது ஏன் பாடுகிறது என்று யாராவது கேட்டால் விழிப்பேன். இனி ஊர் கேட்கும். ஒரு சின்ன ரேடியோவை என் கையால் செய்து, ஒவ்வொரு சாமானையும் தொட்டுக் காட்டி, இதில் எது மக்கர் பண்ணும் சொல்லுங்கள் என்று கஸ்பார் முன்னால் வைக்கப்போகிறேன்.

16 அக்டோபர், சனி

கடைக்கு இன்று அரை நாள் லீவு விட்டேன். புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

காற்றில் எல்லா நிலையங்களின் அலையும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அலை காயிலில் பட்டால் அதில் துளி கரண்ட் உண்டாகிறது. காயிலோடு கேங்கைச் சேர்த்தால், அதுதான் நாம் நிலையம் பிடிக்கத் திருகுவது, இரண்டும் சேர்ந்து ஒரு வேகத்துக்கு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த வேகத்தில் வரும் நிலையம் நிற்கும், மற்றது போய்விடும்.

ஆனால் அலை மேலும் கீழும் ஒரே அளவு ஆடுகிறது. மேலே போனதைக் கீழே வந்தது அடித்துவிடும், காதுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரு டயோடு. அது ஒரு பக்கம்தான் வழிவிடும். அலையின் ஒரு பாதி போய்விட, மிச்சப் பாதியின் ஏற்ற இறக்கம்தான் பேசியவனின் குரல். ஒரு சின்ன கண்டன்சர் அதன் நடுக்கத்தை ஆற்றிவிடும். பிறகு இயர்போன். அவ்வளவுதான் ரேடியோ. பேட்டரிகூட வேண்டாமாம், நிலையம் அனுப்பும் அலையின் பலத்திலேயே பேசுமாம். இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் மச்சானை மறந்து சந்தோஷப்பட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

18 அக்டோபர், திங்கள்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. கூரைமேல் நீள ஒயர், தரையில் குழாய் அடித்து எர்த். சத்தமே இல்லை. நாலு தடவை பிரித்துக் கட்டினேன். புத்தகத்தை எறிந்தேன், பிறகு எடுத்துத் துடைத்தேன்.

19 அக்டோபர், செவ்வாய்

தப்பு டயோடில். சார்ஜரில் போடுகிற டயோடைப் போட்டிருந்தேன். அதற்கு வாசல்படி உயரம், துளி கரண்ட் ஏறித் தாண்ட முடியாது. பழைய ரேடியோவில் கண்ணாடி டயோடு ஒன்று இருந்தது. அதன் படி தணிவு. மாற்றியதும் காதுக்குள் ஒரு பெண் வானிலை அறிக்கை வாசித்தாள்.

ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"பேட்டரி இல்லாமயா பேசுது?"

"ஆமா. அம்புட்டு லேசுல இது நிக்காதுக்கா."

"அப்ப அவிய ரேடியோ கெட்டிருக்காதுன்னு சொல்லுத."

"கெடவே கெடாது. என் வேலை கெடாது."

அக்கா இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து போனாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஏன் போனாள் என்று புரியவில்லை.

21 அக்டோபர், வியாழன்

இன்று புரிந்தது. குழாயடியில் பெண்கள் அக்காவுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்களாம். பாவம் பார்த்து இல்லை, வேறு மாதிரி. மன்னார்ப் பக்கம் மச்சானுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று யாரோ கிளப்பியிருக்கிறார்கள். அக்கா சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரேடியோ கெட்டுருக்கும், அதான் வழி தப்பிட்டாவன்னு நெனச்சு மனசத் தேத்திட்டு இருந்தேன். நீ கெடலைன்னு சொல்லுத. அப்ப அவியளா போனாவளா இன்னாசி?"

"மச்சானப் போயி அப்பிடி நெனைப்பியாக்கா?"

"நானா நெனைக்கல. நெனப்பு வருது. பதினேழு வருசம் ஒண்ணாக் கெடந்தவுக. செத்துட்டாவன்னா அழுதுருவேன். விட்டுட்டுப் போயிட்டாவன்னா நான் என்ன செய்யட்டும்? அத மட்டும் எனக்கு ஒருத்தராவது சொல்லுங்க."

ரேடியோவைக் கஸ்பாரிடம் காட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

24 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து சிலுவை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்று மச்சான் ரேடியோவைத் தூக்கிக் காட்டினாரே, அது எதற்கு, அதில் திசை தெரியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒனக்குத் தெரியாதா? ரேடியோக்காரன் நீ."

அவருடைய செட்டை எடுத்துவந்து முற்றத்துப் பலகையில் மல்லாக்க வைத்தார். தூத்துக்குடி நிலையம். மெதுவாகத் திருப்பினார். பாட்டு தேய்ந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் அடங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி வந்தது.

"சத்தம் சாவுது பாத்தியா? அந்த எடத்துல பெட்டியோட நீளவாக்கு நேரா நிலையத்தப் பாக்கும். அதான் கரை. ரெண்டு முனைல எதுன்னு காத்த வச்சு முடிவு பண்ணுவோம். இப்ப அடிக்கது வாடைக் காத்து, வடகெழக்க இருந்து வரும், முதுகுல அடிச்சா கரைக்குப் போறோம்னு அர்த்தம். சூரியன் இல்லாத நாள்ல இதான் எங்களுக்குக் கண்ணு. ததேயு இதுல கெட்டிக்காரன்."

பிறகு சொன்னார். "ஒங்க அக்கா முன்னால நான் சொல்லாத ஒண்ணு இருக்கு. என் செட்டு மேக்க காட்டுதுன்னு கத்துனேன். அவன் சிரிச்சான். ஒன் பெட்டி பழசு, இது எம் மச்சினன் இப்பதான் செஞ்சு தந்ததுன்னான். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது. ஒம்மேல அம்புட்டு நம்பிக்கை."

நல்லபடியாகத்தான் சொன்னார். காபி கொடுத்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். தலைவலி.

25 அக்டோபர், திங்கள்

ஃபேன் ஒன்று. தேய்ப்புப்பெட்டி ஒன்று.

26 அக்டோபர், செவ்வாய்

கடை திறக்கவில்லை. நான் செய்த ரேடியோவில் கூரை ஒயரைக் கழற்றிவிட்டு, ராடை மட்டும் வைத்துக் கேட்டேன். லேசாகக் கேட்டது. ராடைக் கையில் பிடித்துத் திருப்பினேன். நிலையத்துக்குக் குறுக்கே கிடந்தால் பேசுகிறது. நுனி நிலையத்தைப் பார்த்து நீண்டால் வாயை மூடுகிறது. நிமிர்த்திப் பிடித்தால் முனகுகிறது. புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் இது தெளிவாக இருக்கிறது. பெட்டிக்கு இதில் சம்பந்தமே இல்லை. திசை காட்டுவது ராடு. ராடு எப்படிப் படுத்திருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனியில் செய்த எல்லா செட்டிலும் ராடு நீளவாக்கில்தான் இருக்கும் என்றும் போட்டிருக்கிறது.

28 அக்டோபர், வியாழன்

மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இந்தத் தடவை எழுதிவிடுகிறேன்.

நெட்டுக்குத்தாக ஒட்டியது நான். பெட்டியை மல்லாக்கப் போட்டால் அந்த ராடு பெட்டியின் நீளத்துக்குக் குறுக்கே கிடக்கும். மச்சான் திருப்பியிருப்பார். சத்தம் அடங்கியபோது ராடு மேற்கே பார்த்தது. பெட்டி தெற்கும் வடக்குமாகக் கிடந்தது. வாடைக் காற்று முதுகில் அடிக்கிற பக்கம் தெற்கு. அவருக்குத் தெரிந்த வித்தையைச் சரியாகத்தான் செய்தார். ஒரு தப்பும் செய்யவில்லை.

மக்கர் பண்ணியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். சிலுவை அண்ணனின் வள்ளத்துக்குப் பின்னால் போயிருப்பார். நன்றாக வேலை செய்ததுதான் அவரைக் கொன்றது. நான்தான் கொன்றேன்.

29 அக்டோபர், வெள்ளி

யாருக்கும் தெரியாது. ரேடியோ கடலுக்குள் போய்விட்டது. நான் சொல்லாவிட்டால் எவனும் கண்டுபிடிக்க முடியாது. இந்த யோசனை காலையிலிருந்து என்னோடு சுற்றுகிறது. அக்காவுக்கு நான் ஒருவன்தான் மிச்சம், அவளிடமிருந்து அதையும் பிடுங்கலாமா என்று எனக்கு நானே நியாயம் பேசுகிறேன். அது அவளுக்காக இல்லை என்பது பேசும்போதே தெரிகிறது.

30 அக்டோபர், சனி

செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாள், செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் நாள். அக்கா மெழுகுவத்தி வாங்காததைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம்: ஓடிப்போனவனுக்கு எதுக்கு மெழுகுவத்தி என்று. அக்கா இதை அரிசி புடைத்துக்கொண்டே, யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

சொன்னேன். உள்ளே போய் ஒரு தீப்பெட்டி எடுத்துவந்து, அதன்மேல் ஒரு குச்சியை நீளவாக்கில் வைத்துக் காட்டினேன். பிறகு குறுக்கே வைத்துக் காட்டினேன். அக்கா சுளகைக் கீழே வைத்தாள். ரேடியோ ரிப்பேர் படிக்க வந்தவள் மாதிரி கவனமாகப் பார்த்தாள்.

"இப்பிடி இருக்க வேண்டியத நீ இப்பிடி ஒட்டிட்ட."

"ஆமா."

"அது தெரியாம இவிய திருப்பிப் பாத்தாவ."

"ஆமாக்கா."

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"ஞாயித்துக்கெழமைல இருந்து."

அவள் கை என் கன்னத்தில் விழுந்தது. கல்யாணமாகிப் போன பிறகு அவள் என்னை அடித்ததே இல்லை. வலிக்கவில்லை. இன்னும் அடிக்க மாட்டாளா என்றிருந்தது. பிறகு அவள் அழ ஆரம்பித்தாள், இருபத்தாறு நாள் அழுகையும் சேர்ந்து. நான் பக்கத்தில் போனேன், கையால் தள்ளினாள். சுவரோரம் நின்றேன்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "திங்கக்கெழம பூசைக்கு எல்லாரும் வருவாவ. எங்கிட்ட சொன்னத கோயில் வாசல்ல நின்னு அப்பிடியே சொல்லு. தீப்பெட்டியவும் எடுத்துட்டு வா. அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வராத."

1 நவம்பர், திங்கள்

சகல புனிதர்கள் திருநாள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொன்னேன். எனக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. காயில், கேங் என்று எங்கேயோ ஆரம்பித்துவிட்டேன். சிலுவை அண்ணன்தான், "ராடச் சொல்லுல" என்றார். தீப்பெட்டியை வைத்துக் காட்டியதும் கடலுக்குப் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. பெண்களுக்கு அவர்கள் சொன்னார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. சிலுவை அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கஸ்பார் அக்காவிடம் போய் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்க்காமல் முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள்.

மதியத்துக்குள் நாலு பேர் அவரவர் ரேடியோவைக் கடைக்குக் கொண்டுவந்து, திறந்து காட்டு என்றார்கள். எல்லாவற்றிலும் ராடு நீளவாக்கில்தான் இருந்தது. ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை.

2 நவம்பர், செவ்வாய்

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் ஊரில் கடற்கரை மணலில்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், கிழக்கே கடலைப் பார்த்து. நான் வள்ளங்களுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அக்கா வந்தாள். மணலில் குழி தோண்டி மெழுகுவத்தியை நட்டாள். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. சிலுவை அண்ணனின் மனைவி முந்தானையால் மறைத்துக் கொடுத்தாள். ஏற்றியதும் மற்றவர்கள் கிழக்கே பார்த்து முழங்கால் போட்டார்கள். அக்கா மட்டும் எழுந்து, தெற்கே திரும்பி உட்கார்ந்தாள். "கெழக்க பாருங்க மதினி" என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தாள். வீட்டுக்கு அதுதான் வழி. தாண்டிப் போய்விடுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நின்றாள்.

"அவிய எஞ்சின் எம்புட்டு நேரம் ஓடியிருக்கும்?"

மனசுக்குள் பல தடவை கேட்டுப் பார்த்த கேள்விதான். "இருந்த எண்ணெய்க்கு மூணு மணி நேரம் ஓடும்க்கா."

"மூணு மணி நேரமும் வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்திருக்காவ" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு நடந்து போனாள்.